கல்லாவும் குடும்பமும்



சங்கச் செயலாளர் அவர்கள் சென்ற மாதம் நமது கடைக்கு வந்து, வீட்டு வரவு செலவைப் பற்றியும் கடனைத் தீர்ப்பதைப் பற்றியும் நமது பத்திரிகைக்கு ஒரு பாடம் எழுதித் தரவேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். மத்ரஸாவில் ஓதியதும், தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்ததும் தவிர நமக்கு வேறு படிப்பு இல்லை. படித்தவர்கள் யாரையாவது கேளுங்கள் என்றோம். "படித்தவர்கள் பிறகு எழுதட்டும். கடனில் விழுந்து எழுந்தவர் நீங்கள்தானே" என்று சொல்லிச் சிரித்தார்கள். விஷயம் தெருவெல்லாம் தெரிந்திருக்கும்போது மறைத்துப் பயனில்லை. ஆகவே எழுதுகிறோம்.

நாம் பினாங்கில் ஜவுளிக் கடை வைத்திருப்பவர். நமது வாப்பா வைத்த கடை. பெட்டியடியில் அவர்கள் உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில்தான் இன்றும் உட்காருகிறோம். அவர்கள் தினந்தோறும் கடை சாத்தும் முன் நாள்வழி எழுதுவார்கள். வெள்ளிக்கிழமை அதைப் பேரேட்டில் ஏற்றுவார்கள். ரமலானில் சரக்கு எண்ணி, வரவேண்டியதைக் கூட்டி, கொடுக்கவேண்டியதைக் கழித்து, ஜகாத் கணக்குப் பார்ப்பார்கள். இவ்வளவும் கடைக் கணக்கு. வீட்டுக் கணக்கு என்று ஒரு புத்தகத்தை நாம் அவர்கள் கையில் கண்டதே இல்லை. உம்மா கடைப் பையனிடம் சொல்லி அனுப்புவார்கள், வாப்பா கல்லாவைத் திறந்து கொடுப்பார்கள். அந்தக் காலத்தில் வீடு சிறிது, தேவை சிறிது, ஆகவே அது ஓடிற்று. நாமும் அதே வழக்கத்தைப் பிடித்துக்கொண்டோம். நமது கஷ்டத்தின் வேர் அங்கேதான் இருந்தது என்பதை வெகுகாலம் கழித்தே அறிந்தோம்.

2020-ஆம் ஆண்டு பெருநாள் மே 24-ஆம் தேதி வந்தது நினைவிருக்கும். பெருநாளுக்கு மூன்று மாதம் முன்பே சரக்கு எடுத்துவிடுவது ஜவுளிக்காரர் வழக்கம். அவ்வருடம் பிப்ரவரியிலேயே ஏராளமாக எடுத்தோம். கையில் ரொக்கம் போதவில்லை. மொத்த வியாபாரியான ஒரு சீன முதலாளியிடம் 18,000 வெள்ளிக்குக் கடன் சொன்னோம். இரண்டு கிரெடிட் கார்டுகளில் 13,000 வெள்ளி எடுத்தோம். மச்சானிடம் 5,000 வெள்ளி கைமாற்று வாங்கினோம். அதுவும் போதாமல் வீட்டில் இருந்த நகையில் எட்டுப் பவுனை விற்றோம். மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. மளிகைக்காரர்கள் திறந்து வைத்திருந்தார்கள். ஜவுளிக் கடையைத் திறக்க அனுமதி இல்லை. மே 4-ஆம் தேதிக்குப் பிறகுதான் கட்டுப்பாடுகளோடு பெரும்பாலான கடைகளுக்கு அனுமதி கிடைத்தது. பெருநாள் துணி எடுக்கும் நாட்களெல்லாம் அதற்குள் போய்விட்டன. மூட்டை மூட்டையாகச் சரக்கு அப்படியே நின்றது.

கொரோனாதான் நம்மைக் கவிழ்த்தது என்று ஒரு வருடம் வரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தோம். அதில் பாதிதான் உண்மை. பக்கத்துக் கடைக்காரரும் ஜவுளிதான், அவருக்கும் கடை மூடிக் கிடந்தது. அவர் கவிழவில்லை. அவர் தம் கடையிலிருந்து மாதம் ஒரு முறை சம்பளம்போல் ஒரு தொகை எடுத்து வீட்டில் கொடுப்பாராம். அதற்கு மேல் தொடமாட்டாராம். ஆகவே கடையில் முதல் எவ்வளவு, லாபம் எவ்வளவு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நமக்கோ தெரியாது. கல்லாவில் இருப்பதெல்லாம் நம்முடையது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அதில் பாதிக்கு மேல் சரக்குக்காரனுடையது, கொஞ்சம் கடை வாடகைக்காரருடையது, கொஞ்சம் வேலையாட்களுடையது. மிஞ்சியதுதான் நம்முடையது.

அவ்வருடம் ஜூன் மாதம் ஒரு இரவு, இஷா தொழுதுவிட்டு வந்து, மகளை ஒரு பள்ளிக்கூடக் கொப்பி எடுத்துவரச் சொன்னோம். நாம் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். சீன முதலாளி 18,000. கார்டு 9,000. இன்னொரு கார்டு 4,000. மச்சான் 5,000. கூட்டிப் பார்த்தால் 36,000 வெள்ளி. எழுதும் வரை அது எவ்வளவு என்று நமக்கே தெரியாது என்றால் நம்புவீர்களா? மனதுக்குள் இருபதாயிரத்துச் சொச்சம் என்று ஒரு எண்ணம், அவ்வளவுதான்.

வீட்டில் அந்தக் கொப்பியை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுல என் நகை எங்க எழுதியிருக்கு?" என்று கேட்டார்கள்.

நமக்குப் பதில் வரவில்லை. இருபது வருடம் குடும்பம் நடத்தியும், மனைவியின் நகை மனைவியின் சொத்து என்பது மார்க்கம் என்று மத்ரஸாவில் ஓதியிருந்தும், அதைக் கடன் என்று நாம் எண்ணவே இல்லை. மஹரும் அவருக்குத் தாய் வீட்டார் போட்ட நகையும் அவருடையது. வாங்கினால் திருப்ப வேண்டும். வேறு யாரிடம் வாங்கியிருந்தாலும் சீட்டு எழுதியிருப்போம். திருக்குர்ஆனில் யாவற்றிலும் நீண்ட வசனம் இரண்டாம் அத்தியாயத்தில் 282-ஆவது. தவணைக்குக் கொடுக்கல் வாங்கல் செய்தால் எழுதி வையுங்கள், சாட்சி வையுங்கள் என்பதுதான் அதன் விஷயம். நம் சமூகத்தில் வியாபாரி ஒவ்வொருவருக்கும் அது தெரியும். வாடிக்கைக்காரர் இரண்டு மீட்டர் துணி கடன் வாங்கினால் 555 புத்தகத்தில் உடனே ஏறிவிடுகிறது. வீட்டுக்காரியின் எட்டுப் பவுன் எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை. மகள் பேனாவை எடுத்துப் பட்டியலின் தலையில், எல்லாவற்றுக்கும் மேலே, "உம்மா, 8 பவுன்" என்று எழுதினாள்.

ஆகவே முதல் பாடம், எல்லாக் கடனையும் ஒரே பக்கத்தில் எழுதுவது. யாருக்கு, எவ்வளவு, வட்டி உண்டா, எப்போது கொடுப்பதாகச் சொன்னோம் என்று நான்கு கட்டம் போதும். வீட்டாரை வைத்துக்கொண்டு எழுத வேண்டும். தனியாக எழுதினால் ஒன்றிரண்டு விட்டுப் போகும். நமக்கு விட்டுப் போனதைப் போல.

அடுத்தபடி, செலவு. இதற்கு நாம் செய்த உபாயம் ஒன்று சொல்கிறோம். மாதச் செலவை உட்கார்ந்து யோசித்து எழுதுவதால் பயனில்லை. நாம் நினைப்பதைத்தான் எழுதுவோம். கல்லாவுக்குள் ஒரு கட்டு வெள்ளைத் தாளை வைத்தோம். வீட்டுக்காக, நமக்காக எதை எடுத்தாலும், தே தாரே குடிக்க ஒரு வெள்ளி எண்பது காசு எடுத்தாலும், ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கல்லாவிலேயே போட்டுவிட வேண்டும். கடைப் பையனுக்கும் சொல்லிவிட்டோம்: "முதலாளி சீட்டு போடாமல் எடுத்தால் கேளு தம்பி" என்று. அவனும் கூச்சமில்லாமல் கேட்டான். மாதக் கடைசியில் சீட்டுகளைக் கொட்டி எண்ணினோம். மாதம் 3,000 வெள்ளி எடுக்கிறோம் என்று நாம் சத்தியம் செய்திருப்போம். சீட்டுகள் 4,870 வெள்ளி சொல்லின. கடை அந்த நிலையில் தாங்கக் கூடியது 4,000 வெள்ளிதான். மாதந்தோறும் எண்ணூறு, தொள்ளாயிரம் வெள்ளி முதலைச் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். எத்தனை வருடமாக என்பது அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம்.

பெரிய செலவு எதுவும் அதில் இல்லை. பேரங்காடிக்கு ஒரு சாமான் வாங்கப் போய் ஆறு சாமான் வாங்கியது, விருந்தாளிகளை நாசி கண்டார் கடைக்கு அழைத்துப் போனது, பிள்ளைகளின் போன், இரண்டாவது கார். கொடுத்த தர்மம் அதில் குறைவு என்பதையும் வெட்கத்தோடு எழுதுகிறோம்.

அதன்பின் நாமும் பக்கத்துக் கடைக்காரரைப் போல் மாதச் சம்பளக்காரர் ஆனோம். மாதம் முதல் தேதி கடையிலிருந்து 4,000 வெள்ளி எடுத்து வீட்டில் கொடுப்பது. மறு முதல் தேதி வரை கல்லா நமக்கு அந்நியம். வீட்டிலும் நாமும் உட்கார்ந்து பிரித்தது இப்படி: வீட்டு வாடகை 850, சாப்பாட்டுச் சாமான் 1,050, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வேன், மத்ரஸா 400, மின்சாரம், தண்ணீர், போன் 250, பெட்ரோலும் வண்டிச் செலவும் 350, ஊரில் இருக்கும் உம்மாவுக்கு 200. ஆக 3,100 வெள்ளி. மீதி 900. இரண்டாவது காரை விற்றுத் தவணையை முடித்ததால்தான் இது கூடிற்று. முதல் இரண்டு மாதம் சாப்பாட்டுக்கு ஒதுக்கியது பற்றாமல் இருபத்தைந்தாம் தேதியே கை காலியாயிற்று. கல்லாவைத் தொடாமல் பருப்பும் கருவாடுமாகச் சமாளித்தார்கள். அந்தப் பெருமை வீட்டாருக்கே உரியது.

ஊருக்கு அனுப்பும் 200 வெள்ளியை நிறுத்தச் சொல்லி ஒருவர் ஆலோசனை சொன்னார். நாம் கேட்கவில்லை. பெற்ற தாயின் பங்கைக் கடன்காரனுக்கு எழுதிக் கொடுக்க நமக்கு மனம் வரவில்லை. இது அவரவர் தீர்மானம்.

இப்போது கடன் தீர்த்த கதை. கிரெடிட் கார்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம் வாலிப வியாபாரிகள் அதைக் கைமுதல்போல் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். இந்நாட்டில் கார்டுக்கு வட்டி வருடத்துக்கு 18 சதவிகிதம் வரை போகும். 13,000 வெள்ளிக்கு மாதம் 195 வெள்ளி. பேங்க் கேட்கும் குறைந்தபட்சத் தொகை பாக்கியில் 5 சதவிகிதம். அதை மட்டும் ஒழுங்காகக் கட்டி, புதிதாக ஒரு காசும் எடுக்காமல் இருந்தாலும், 44 மாதம் கழித்தும் 2,600 வெள்ளிக்கு மேல் பாக்கி நிற்கும். பாக்கி குறையக் குறையக் கட்டும் தொகையும் குறைவதால் அது இழுத்துக்கொண்டே போகிறது. நல்ல பிள்ளையாகக் குறைந்தபட்சத்தைக் கட்டி வருகிறோம் என்று நாம் திருப்தியாக இருந்தோம்! வட்டியில் கால் வைத்தது நமது பாவம். அதற்கு தௌபா செய்வது ஒரு பக்கம், அதைச் சீக்கிரம் அறுத்துவிடுவது இன்னொரு பக்கம்.

2020-ஆம் ஆண்டில் கடனாளிகளுக்குச் சில சலுகைகள் தரப்பட்டன. ஏப்ரலிலிருந்து ஆறு மாதம் தவணைக் கடன்களைக் கட்டாமல் ஒத்திப் போடலாம் என்றார்கள். கார்டு கடனுக்கு அது இல்லை. ஆனால் கார்டு பாக்கியை மூன்று வருடம் வரை, 13 சதவிகிதத்துக்கு மேற்படாத வட்டியில், தவணைக் கடனாக மாற்றிக்கொள்ளலாம் என்றிருந்தது. நாம் மாற்றிக்கொண்டோம். மாதம் 438 வெள்ளி வந்தது. முன்கூட்டிக் கட்டினால் அபராதம் உண்டா என்று கையெழுத்துப் போடும் முன்பே கேட்டு, இல்லை என்று தெரிந்துகொண்டோம். கார்டுகள் இரண்டையும் வீட்டில் கத்தரிக்கோலால் நறுக்கினார்கள். அந்தச் சலுகைகள் அப்போதோடு முடிந்துவிட்டன. ஆனால் கட்ட முடியாதவர் பேங்குக்குப் போய்ப் பேசுவதும், 2006-இல் பேங்க் நெகாரா ஏற்படுத்திய ஏகேபிகே என்னும் கடன் ஆலோசனை நிறுவனத்துக்குப் போவதும் இன்றும் உண்டு. அங்கே ஆலோசனைக்குக் காசு வாங்குவதில்லை. விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருக்கும் நம்பரைக் கூப்பிட்டு ஆலோங்கிடம் போகிறவர், அதற்கு முன் ஒரு நாள் அங்கே போய் வரலாம்.

மாதம் 900 வெள்ளியில் 800 கடனுக்கு, 100 சேமிப்புக்கு என்று வைத்தோம். கடன் இருக்கும்போது சேமிப்பு எதற்கு என்று மகன் கேட்டான். கார் டயர் வெடித்தாலும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் மறுபடி கடன் வாங்காமல் இருப்பதற்கு என்றோம். அது இரண்டு தடவை உதவிற்று. எடுத்ததைப் பிறகு பெருநாள் வியாபாரத்தில் நிரப்பினோம்.

800 வெள்ளியில் 438 தவணைக்குப் போக, 362 மச்சானுக்கு. கணக்குத் தெரிந்தவர்கள் இதைக் குறை சொல்வார்கள். வட்டி உள்ள கடனைத்தான் முதலில் அடைக்க வேண்டும், வட்டியில்லாத கைமாற்று காத்திருக்கலாம் என்பார்கள். கணக்குப்படி அது சரி. ஆனால் மச்சானுடைய மகனுக்குக் காலேஜ் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது, அவர் வாய் திறந்து கேட்கமாட்டார். வட்டி கேட்காமல் உதவினவரைக் கடைசியில் நிறுத்துவது நம்மவர்களிடையே பெரிய வழக்கமாகிவிட்டது. பேங்க் கடிதம் போடும் என்பதற்காக அதற்கு முதலில் கட்டுகிறோம். சொந்தக்காரர் சும்மா இருப்பார் என்பதற்காக அவரைக் கண்டால் தெருவை மாற்றிப் போகிறோம். நாயகம் (ஸல்) அவர்கள் வசதியிருந்தும் தவணை சொல்லி இழுப்பதை அநியாயம் என்றார்கள். மச்சானுடைய 5,000 வெள்ளி 14 மாதத்தில் தீர்ந்தது. அதன்பின் 800 வெள்ளியும் தவணைக் கடனுக்கே போயிற்று. 36 மாதம் கட்ட வேண்டியதை 26 மாதத்தில், 2022 நவம்பரில் முடித்தோம். வட்டியிலும் சுமார் 500 வெள்ளி மிச்சம்.

சீன முதலாளியின் 18,000 வெள்ளியை வீட்டுப் பணத்தில் சேர்க்கவில்லை. அது கடைக் கடன், கடையே தீர்க்க வேண்டும். அவர் கேட்கும் முன் நாமே போய், சரக்கு நிற்கும் நிலையைச் சொல்லி, பட்டியலையும் காட்டினோம். பிரிக்காத மூட்டைகளில் 7,000 வெள்ளி சரக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டார். மீதியை, சரக்கை அசல் விலைக்கே தள்ளி விற்று ஒன்றரை வருடத்தில் கொடுத்தோம். நெருக்கடியில் உள்ளவனுக்கு அவகாசம் கொடுங்கள் என்ற வசனம் (2:280) நம் வேதத்தில் இருக்கிறது. நடந்து காட்டியவர் அவர். இன்றும் அவரிடம்தான் சரக்கு எடுக்கிறோம், ரொக்கத்துக்கு.

சேமிப்பைப் பற்றிச் சுருக்கமாக எழுதுகிறோம். 2022 டிசம்பரிலிருந்து மாதம் 900 வெள்ளியும் நம் கையில் நின்றது. 400 நகைக் கடனுக்கு, 300 ஆபத்துப் பணத்துக்கு, 200 வயோதிகத்துக்கு என்று பிரித்தோம். ஆபத்துப் பணம் மூன்று மாத வீட்டுச் செலவு, அதாவது 9,300 வெள்ளி, 2024 அக்டோபரில் நிறைந்தது. கடை ஏழு வாரம் மூடிக் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தொகையின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வயோதிகத்துக்கு வைத்தது ஊழியர் சேமநிதி. வேலையாட்களுக்குக் கட்டும் முதலாளிமார் பலர் தமக்கு அங்கே ஒரு கணக்கு வைப்பதில்லை. சம்பளம் இல்லாதவர்களும் இ-சாரான் என்ற திட்டத்தில் தாமே கட்டலாம். 2025-ஆம் ஆண்டு விதிப்படி, கட்டுவதில் 20 சதவிகிதம், வருடத்துக்கு 500 வெள்ளி வரை, அரசாங்கம் சேர்க்கிறது. நாம் வருடம் 2,400 கட்டினால் 480 சேரும். இவ்வளவு காலம் இதை விட்டுவைத்தது நமது அறியாமை.

ஆபத்துப் பணம் நிறைந்தபின் அந்த 300 வெள்ளி தாபோங் ஹாஜிக்குப் போகிறது. உங்கு அஜிஸ் அவர்கள் 1959-இல் எழுதிய யோசனையிலிருந்து 1963-இல் தோன்றிய நிதி அது. நிலத்தையும் மாட்டையும் விற்று ஹஜ்ஜுக்குப் போய், திரும்பி வந்து ஏழைகளாக நின்ற கிராமத்து மக்களை நினைத்து அவர்கள் அதை எழுதினார்கள். ஆரம்பத்தில் அதில் பணம் போட்டவர்கள் 1,281 பேர்.

பெருநாள் செலவுக்கும் ஒரு வார்த்தை. பெருநாள் இங்கிலீஷ் வருடத்தில் ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முந்தி வருகிறது. 2030-இல் ரமலான் ஜனவரியில் ஒரு தரமும் டிசம்பரில் ஒரு தரமும் வரும். ஜனவரி முதல் டிசம்பர் வரை பன்னிரண்டாகப் பங்கு போட்டு வைப்பவர் கணக்குத் தப்பிவிடுவார். நாம் பெருநாள் மறுநாளே அடுத்த பெருநாளுக்கு உண்டியல் வைக்கிறோம். பிறை பார்த்து மாதம் எண்ணுகிறோம். கல்யாணம், கந்தூரிச் செலவுகளைப் பற்றி எழுதினால் இந்தப் பத்திரிகை போதாது. மகளின் நிக்காஹ் நடக்கும்போது நாம் என்ன செய்கிறோம் என்று பார்த்துவிட்டுப் பிறகு கேளுங்கள்.

கடைசியாக நகைக் கடன். ஒரு ஆலிம் சாஹிபைக் கேட்டபோது, வாங்கியது தங்கம் என்றால் எடைக்கு எடை தங்கமாகவே கொடுங்கள் என்றார்கள். நாம் விற்ற விலையை நினைத்துக்கொண்டு ரொக்கமாகக் கொடுத்துவிடலாம் என்று எண்ணியிருந்தோம். தங்கம் ஏறிய ஏற்றம் உங்களுக்குத் தெரியும். அன்று ஒரு பவுன் விற்ற காசுக்கு இன்று அரைப் பவுன் கூட வராது. ஆகவே நாம் வாங்கிய கடன்களில் யாவற்றிலும் விலை உயர்ந்தது, வட்டியே இல்லாத அந்தக் கடன்தான். மாதம் 400 வெள்ளி தனி உறையில் போட்டு வைத்து, ஒரு பவுனுக்குச் சேர்ந்ததும் நகைக் கடைக்குப் போகிறோம். இதுவரை ஐந்து பவுன் திரும்பிவிட்டது. ஒவ்வொரு தடவையும் வீட்டில் அந்தப் பழைய கொப்பியை எடுத்து, பட்டியலின் முதல் வரியில் எண்ணைத் திருத்தி, தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள். மற்ற வரிகளையெல்லாம் மகள் சிவப்பு மையால் அடித்துவிட்டாள். அந்த வரியில் இப்போது 3 என்று நிற்கிறது.

வஸ்ஸலாம்.